பத்து செகண்டுக்கு மேல்

செத்தவர்கள் பகலில்தான் புறப்படுகிறார்கள். இந்த வேலையில், சவுண்டு என்று பெயர் வாங்கியவனுக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

இங்கே வருவதற்கு முன் நாலு வருஷம் ஒரு பார்சல் கிடங்கில் ராத்திரி ஷிப்டு பார்த்தான். ஊர் தூங்கும்போது பெட்டி தூக்கினான். ஊர் விழித்த பிறகு தூக்கம் வராமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தான். ஒரு நாள் வேலைக்கு நடுவில் கையுறைகளைக் கழற்றி, ஓடுகிற பெல்ட்டின் மேல் போட்டுவிட்டு வெளியே நடந்துவிட்டான். அந்தக் கையுறைகள் யார் வீட்டுக்கு டெலிவரி ஆயினவோ தெரியாது. அதற்குப் பிறகு கிடைத்ததுதான் அஞ்சலிக் கூடத்து வேலை. காலை ஒன்பதுக்கு வந்தால் மாலை ஆறுக்கு வீடு. வாடிக்கையாளர்கள் குறை சொல்வதில்லை. கூட வருகிறவர்கள்தான் சொல்வார்கள்.

அவன் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். இறந்தவரின் படங்களைத் திரையில் ஓட்ட வேண்டும். பின்னணியில் மெல்லிய இசை போட வேண்டும். அவர் குரல் எங்காவது பதிவாகி இருந்தால் அதைக் கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் ஒலிக்கவிட வேண்டும். ஒரு நாளைக்கு அவன் பேசும் வார்த்தைகளைக் கை விரல்களில் எண்ணிவிடலாம் என்பதால் அவனுக்குச் சவுண்டு என்று பெயர் வைத்தவர் பவுடர். பவுடர், சவப்பெட்டிக்குள் போகிறவர்களுக்கு முகம் திருத்தி உடுத்திவிடுகிறவர். இருபத்தாறு வருஷமாக அதையே செய்கிறார். உயிரோடு இருப்பவர்களையும் இவனுக்கு எந்த நிறம் எடுபடும் என்ற கண்ணோடுதான் பார்ப்பார்.

அன்று காலை கூடத்தின் முதலாளியம்மா சவுண்டைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு ஒரு லிஃப்டு மெக்கானிக். ரிட்டயர் ஆனவர். பொண்ணு அவர் குரலப் போடணும்னு கேக்குது. போன மாசம் மாதிரி ஆச்சுன்னா ஸ்க்ரீன், சவுண்டு ரெண்டையும் வெளி ஆளுங்களுக்குக் குடுத்துடுவேன். விளையாட்டுக்குச் சொல்லல."

"சரி மேடம்."

"வெளிய குடுத்துட்டா உனக்கு இங்க என்ன வேலைன்னு கேளு."

"என்ன வேலை மேடம்?"

"அதான். ஒண்ணும் இல்ல."

சவுண்டுக்கு உள்ளங்கையில் பழைய கையுறையின் பிசுபிசுப்பு வந்து போனது. கிடங்கில் இப்போதும் ஆள் எடுக்கிறார்கள். ராத்திரிக்கு மட்டும்.

போன மாதம் நடந்தது இதுதான். இறந்தவர் ஒரு பாட்டு டீச்சர். அவர் குரல் பதிவைப் போட்டார்கள். ஸ்பீக்கர்கள் இரண்டும் பெட்டிக்குப் பின்னால், தரையில், பூச்சாடிகளுக்கு நடுவே இருந்தன. ஒயர் அதுவரைக்கும்தான் எட்டும் என்று யாரோ எப்போதோ வைத்தது. டீச்சரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல, சரியாகப் பெட்டியிலிருந்து எழும்பி வந்தது. நாலு வயதுக் குழந்தை ஒன்று, "பெரியம்மா உள்ளதான் இருக்காங்க, தொறந்து விடுங்க" என்று வீறிட்டது. முன்வரிசையில் இருந்த கணவர் எழுந்து பெட்டியைப் பார்த்து, "என்னம்மா?" என்றார். சவுண்டு பதறிப்போய் ஒயரைப் பிடுங்கினான். ஸ்பீக்கர் துப்பாக்கி மாதிரி டொப்பென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கியது. அதற்குள் இரண்டு பேர் பெட்டி மூடியில் கை வைத்திருந்தார்கள்.

"அதனால நாளைக்கு," என்றாள் முதலாளியம்மா, "ஓட ஆரம்பிச்சதும் கைய எடுத்துடு. தானா முடியற வரைக்கும் எதையும் தொடாத. புரியுதா?"

புரிந்தது.

மெக்கானிக்கின் மகளும் மூத்த மகனும் மதியம் வந்தார்கள். மகள் மாத்திரை டப்பாவுக்குள் ஒரு பென் டிரைவை வைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

"அப்பாவோட குரல்னு எங்ககிட்ட இருக்கறது இது ஒண்ணுதான்," என்றாள். "என் பொறந்தநாளுக்குப் பேசி அனுப்பினாரு. பேச்சு ரெண்டு நிமிஷம். அதுக்கப்புறம் ரெண்டு நிமிஷம் சும்மா ஓடும். நிறுத்தத் தெரியல அவருக்கு. வெறும் இரைச்சல்தான், ஆனா அவர் உக்காந்திருந்த ரூம். அதையும் ஓட விடுங்க. வெட்டிடாதீங்க."

மூத்தவர் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் ஏஜெண்டுகளுக்குப் பேசப் பயிற்சி கொடுக்கிற அதிகாரி. நின்ற இடத்திலேயே கூடத்தின் நீள அகலத்தைக் கண்ணால் அளந்தார். ஒரு கையில் நீல நிறக் கோட்டு, இன்னொரு கையில் கிளிப் போட்ட தாள்கள்.

"என் உரை பதினாலு பக்கம். அப்பா குரல முதல்ல போட்டுடுங்க. ஒரு முன்னுரை மாதிரி இருக்கும். அதுல இருந்து நான் எடுத்துக்கறேன். மைக் என் உயரத்துக்கு வருமா?"

"வரும்."

"இது அப்பாவோட நல்ல கோட்டு. இதத்தான் போடணும்."

பவுடர் வந்து கோட்டை வாங்கி, தோளை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு, உள்ளே கொண்டுபோனார்.

அவர்கள் போனதும் சவுண்டு பென் டிரைவைச் செருகி, பத்து செகண்டு கேட்டான். "ஆன்லதான் இருக்கா இது?" என்று ஒரு கிழக்குரல் முனகியது, அடுத்த வார்த்தையே, "மா, நல்லா இருக்கியா" என்று மொட்டைமாடியிலிருந்து கூப்பிடுவது போல எகிறியது. நிறுத்திவிட்டான்.

அது இந்தக் கூடத்தின் வழக்கம். வேலையில் சேர்ந்த முதல் நாளே பவுடர் சொல்லிவிட்டார்: "பத்து செகண்டு. சத்தம் வருதா, சரியான ஆளோட குரல்தானான்னு பாரு. நிறுத்து. அதுக்கு மேல கேட்டா அவங்க உனக்கு யாரோ ஆயிடுவாங்க. அப்புறம் தினம் ஒருத்தருக்கு உக்காந்து அழணும்." சவுண்டுக்கு முன்னால் இங்கே இருந்தவர் ஒரு பஸ் டிரைவரின் பதிவை முழுசாகக் கேட்டாராம். கேட்டு முடித்ததும் எழுந்து போய் வாசலில் வந்த பஸ்ஸில் ஏறியவர் திரும்பவே இல்லை. முதலாளியம்மாவும் பத்து செகண்டுதான் கேட்பாள். அதில் யாரும் இதுவரை மாட்டிக்கொண்டதில்லை.

சவுண்டு வேலையை ஆரம்பித்தான். முதலில் இன்னொரு துண்டு ஒயர் இணைத்து நீளமாக்கி, ஸ்பீக்கர்களைப் பெட்டி மேடைக்குப் பின்னாலிருந்து இழுத்தான். தரையில், மூலையில் கிடக்கும் ஸ்பீக்கர் கும்கும்மென்று வயிற்றில் குத்துமே தவிர வார்த்தையைக் காதுக்குக் கொண்டுவராது. உட்கார்ந்திருப்பவர்களின் காது உயரத்துக்கு அவை வர வேண்டும். ஸ்டூல் தேடினான். இல்லை. சாம்பல் கலசங்கள் வந்த மரப்பெட்டிகள் நாலு இருந்தன. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பக்கமும் அடுக்கினான்.

"அது ஸ்டாக்குப்பா," என்றார் வாசலில் வந்து நின்ற பவுடர்.

"காலியாத்தான் இருக்கு."

"இன்னிக்குக் காலி."

அடியில் மடித்த துணி வைத்தான், மரம் அதிராமல் இருக்க. முன்வரிசையின் நடு நாற்காலியில் நாளை மெக்கானிக்கின் மனைவி உட்காருவாள். அந்த நாற்காலிக்கும் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் ஒரே தூரம் இருக்க வேண்டும். இரண்டும் அவளைப் பார்த்துச் சற்றுத் திரும்பி இருக்க வேண்டும். அளக்க டேப் கேட்டான். பவுடர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

"ரெண்டு பக்கமும் ஆறடி ரெண்டு அங்குலம்," என்றான் சவுண்டு.

"காலைல அந்த டேப்புல ஒருத்தர் அதே அளவு வந்தாரு."

அடுத்தது இரைச்சல். ஒன்றும் ஓடாதபோதே ஸ்பீக்கர் உம்மென்று உறுமிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் அதன் சுபாவமே அப்படி என்று நினைத்திருந்தான். ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால், சுவருக்கு அந்தப் பக்கம் போகிற ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியில் அது முடிந்தது. அதே பெட்டியில் இன்னொரு தடித்த பிளக்கும் இருந்தது. அதைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான்.

"அதப் புடுங்காத," என்று உள்ளிருந்து குரல் வந்தது. "ஃப்ரீசர். உள்ள மூணு பேரு இருக்காங்க."

கையை எடுத்தான். ஸ்பீக்கரின் பிளக்கை மட்டும் எதிர்ச்சுவரில் தனியாக மாட்டினான். உறுமல் கத்தரித்தது போல நின்றது. அவன் சேர்ந்த இந்த மூன்று வருஷமாக எல்லோருடைய இறுதி அஞ்சலியிலும் அந்த ஃப்ரீசரும் கூடவே பேசிக்கொண்டிருந்திருக்கிறது.

பிறகு செட்டிங்கைத் திறந்தான். திறந்ததும் முன்னால் இருந்தவர் மேல் அவனுக்கு மதிப்பு போய்விட்டது. பேலன்ஸ் கொஞ்சம் இடது பக்கம் தள்ளிக் கிடந்தது. ஹால் எஃபெக்ட் என்று ஒன்று முடுக்கிவிடப்பட்டிருந்தது; டீச்சரைக் கிணற்றில் இறக்கியது அதுதான். கனத்த ஒலியைக் கூட்டும் பேஸ் கடைசிவரை ஏற்றிவைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொன்றாக அணைத்தான். பேலன்ஸை நடுவுக்குக் கொண்டுவந்தான்.

சோதிக்க ஒரு குரல் வேண்டும். செத்தவருடையது வேண்டாம். பவுடரைப் பேசச் சொல்லிப் போனை நீட்டினான்.

"என் குரல் இந்தக் கூடத்து ஸ்பீக்கர்ல வரணும்னா நான் அந்தப் பெட்டில இருக்கணும்," என்றார் பவுடர்.

"ஒரு நிமிஷம்ண்ணே."

"என்ன பேச?"

"எதையாவது படிங்க."

பவுடர் கையிலிருந்த கிரீம் டப்பாவைத் திருப்பி, பின்னால் எழுதியிருந்ததைச் செய்தி வாசிப்பவர் மாதிரிப் படித்தார். "குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும். நேரடிச் சூரிய ஒளி படாமல் பாதுகாக்கவும். திறந்தபின் விரைந்து பயன்படுத்தவும்."

ஓடவிட்டு நடு நாற்காலியில் உட்கார்ந்தான். குரல் சுத்தமாக இருந்தது. ஆனால் அதற்கு ஓர் இடம் இல்லை. இடமும் இல்லாமல் வலமும் இல்லாமல், மண்டையைச் சுற்றி எங்கேயோ மிதந்தது. பவுடரின் தடித்த குரல் மெலிந்து, தகர டப்பாவில் பேசுவது போல இருந்தது. பேஸை ஏன் அவ்வளவு ஏற்றிவைத்தார்கள் என்று இப்போது புரிந்தது. இல்லாத ஒன்றை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார்கள். வலது ஸ்பீக்கரின் முதுகைப் பார்த்தான். சிவப்பு ஒயர் கறுப்பில், கறுப்பு சிவப்பில். ஒன்று வெளியே தள்ளும்போது இன்னொன்று உள்ளே இழுத்துக்கொண்டு, இரண்டும் ஒன்றையொன்று தின்றுகொண்டிருந்தன. மாற்றிச் செருகினான்.

பவுடர் எதிரில் வந்து நின்றார். நிஜமாகவே நின்றதுபோல இருந்தது. தொண்டைக் கரகரப்பு, இரண்டு வார்த்தைக்கு நடுவே மூச்சு, டப்பாவைத் திருப்பிய நகச்சத்தம் எல்லாம் இரண்டு ஸ்பீக்கருக்கும் சரியாக நடுவில்.

"நான் இவ்ளோ வயசானவனா?" என்றார் பவுடர்.

"ஆமாண்ணே."

கடைசி வரிசைக்குப் போனான். அங்கே எதிரொலி. வெறும் கூடம், வெறும் சுவர், வெறும் நாற்காலி. நாளை ஆட்கள் உட்கார்ந்தால் சத்தத்தைக் குடித்துவிடுவார்கள். இப்போது சரியாக வைத்தால் அப்போது மங்கிப்போகும். அதனால் பெட்டிக்குள் விரிக்கிற வெள்ளைத் துணிகளைக் கட்டோடு எடுத்துவந்து, ஐம்பது நாற்காலிகளிலும் ஒவ்வொன்றாகப் போர்த்தினான். சாயங்காலம் ஐந்து மணிக்கு முதலாளியம்மா கதவைத் திறந்தபோது, வரிசை வரிசையாகப் பிணத்துணி போர்த்திய ஐம்பது உருவங்களுக்கு, கண்ணுக்குத் தெரியாத ஒருவர், "குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்" என்று கட்டளையிட்டுக்கொண்டிருந்தார். அவள் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். மெக்கானிக் முனகுகிறார், அடுத்த மூச்சில் கத்துகிறார். முனகலுக்கு வால்யூம் ஏற்றினால் கத்தலில் ஜன்னல் அதிரும். செட்டிங்கின் அடியில் அதற்கும் ஒரு பெட்டி இருந்தது: லவுட்னஸ் ஈக்வலைசேஷன். பெரிய சத்தத்தைத் தலையில் தட்டி உட்காரவைக்கும். மெல்லிய சத்தத்தைக் காலரைப் பிடித்து மேலே தூக்கும். எல்லாம் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். டிக் போட்டான். மெக்கானிக்கைப் பத்து செகண்டு ஓடவிட்டுக் கடைசி வரிசையில் நின்றான். "ஆன்லதான் இருக்கா இது?" என்பது தோளில் கை போட்டுக் கேட்டது போல வந்தது. நிறுத்தினான். துணிகளை மடித்துவைத்துவிட்டு, ஆறு மணிக்கு, வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போனான்.

மறுநாள் பத்து மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. வந்தவர்களில் பாதிப் பேர் மெக்கானிக்குகள். ஒவ்வொருவரும் உட்காருவதற்கு முன் ஒரு தடவை கூரையை அண்ணாந்து பார்த்தார்கள், தொழில் பழக்கம். பெட்டியின் மூடி மார்பு வரை திறந்திருந்தது. நீலக் கோட்டில், பவுடரின் கைவண்ணத்தில், பெரியவர் ஏதோ ஒரு கூட்டத்துக்கு முன்னமே வந்துவிட்டவர் போல இருந்தார். மனைவி நடு நாற்காலியில். ஒரு பக்கம் மகள். இன்னொரு பக்கம் மூத்தவர், மடியில் பதினாலு பக்கம். அந்தக் கட்டின் தடிமனைப் பின்வரிசைகள் ஏற்கெனவே கவனித்துவிட்டிருந்தன. ஒரு மெக்கானிக் வாட்சைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். முதலாளியம்மா பின்சுவரில் சாய்ந்து, கைகட்டி நின்றாள்.

படங்கள் ஓடி முடிந்தன. சவுண்டு பிளேயை அழுத்திவிட்டு, சொன்னபடி கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"ஆன்லதான் இருக்கா இது? மா, நல்லா இருக்கியா."

கூடம் அசையவில்லை. குரல் பெட்டியிலிருந்து வரவில்லை. அதற்கு ஓரடி முன்னால், காற்றில், ஓர் ஆள் உட்கார்ந்து பேசுகிற உயரத்தில் இருந்தது. மகளுக்கு வாழ்த்துச் சொன்னார். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவளை ஏதாவது ஒரு கட்டடத்தில் உச்சி மாடிவரை லிஃப்டில் கூட்டிப்போனதைச் சொன்னார். இந்த வருஷம் மூட்டு வலி, நீயே ஏறிக்கோ என்றார். யாரும் அதிரவில்லை, குழந்தைகள் அலறவில்லை. "சரி, வெச்சிடறேன்" என்றார். முதலாளியம்மா பின்னாலிருந்து சவுண்டைப் பார்த்து அரை அங்குலம் தலையை அசைத்தாள். அவள் அப்படிச் செய்து அவன் பார்த்ததே இல்லை. உள்ளங்கைப் பிசுபிசுப்பு போய்விட்டது.

இனி இரண்டு நிமிஷம் வெறும் இரைச்சல்.

நாற்காலி நகரும் சத்தம். நாலு அடி நடக்கும் சத்தம். பிறகு, அறையின் இன்னொரு கோடியிலிருந்து, போன் ஸ்பீக்கரில் யார் காதிலும் எந்தக் காலத்திலும் விழுந்திருக்க முடியாத ஒரு முணுமுணுப்பு, காலரைப் பிடித்து மேலே தூக்கப்பட்டு, கணீரென்று கூடத்துக்கு வந்தது.

"போயிடுச்சா?"

"போயிருக்கும்," என்றது மனைவியின் குரல்.

"நல்லா பேசினேனா?"

"ம்."

"இதையே பெரியவன் பேசியிருந்தா இந்நேரம் வரவேற்புரைலதான் இருந்திருப்பான்."

நாலாவது வரிசையில் யாரோ மூக்கு வழியாகச் சிரித்துவிட்டு அதை இருமலாக மாற்றினார்கள்.

"சும்மா இருங்க. அவனுக்குப் பேசப் பிடிக்கும்."

"பிடிக்கட்டும். நான் போனா மைக்க அவன் கைல குடுத்துடாத. குடுத்தே ஆகணும்னா ஒரு பக்கம். லிஃப்டு நடுவுல நின்னுட்டாக்கூட உள்ள இருக்கறவன் பட்டன அமுக்கலாம். அன்னிக்கு நான் எத அமுக்கறது?"

மூத்தவர் எழுந்துவிட்டார். "நிறுத்துங்க," என்றார் சவுண்டைப் பார்த்து. சவுண்டின் கை மவுஸுக்குப் போனது. பின்சுவரைப் பார்த்தான், முதலாளியம்மா முகத்தில் கண்ணைத் தவிர ஒன்றும் இல்லை. தொட்டால் போன மாதம். தொடாவிட்டால் இந்த மாதம். எப்படியும் கிடங்குதான்.

முன்வரிசையில் மெக்கானிக்கின் மனைவியின் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்துப் பக்கத்திலிருந்தவர்கள் குனிந்தார்கள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். திரும்பிச் சவுண்டைப் பார்த்தாள்.

"இருக்கட்டும் தம்பி. ஓடட்டும்."

கையை மறுபடி மடிக்குக் கொண்டுவந்தான்.

"அப்புறம் அந்த நீலக் கோட்டு," என்றது குரல். "அதப் போட்டு அனுப்பிடாத. அக்குள்ல புடிக்குது. கையத் தூக்க முடியல."

"அன்னிக்குக் கைய எதுக்குத் தூக்கணும்?"

"தேவைப்பட்டா தூக்குவேன். உனக்கென்ன?"

கூடத்தில் இருந்த அத்தனை தலைகளும் ஒன்றாகப் பெட்டியின் பக்கம் திரும்பின. நீலக் கோட்டு. அக்குள் வரைக்கும் தெரிந்தது. பெரியவர் கையைத் தூக்கிக் காட்டியிருந்தால்கூட யாரும் பெரிதாக ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

பக்கவாட்டுக் கதவருகே நின்றிருந்த பவுடருக்குத் தொழில் மானம் பொறுக்கவில்லை.

"புடிக்காதும்மா," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "பின்னால நடு முதுகு வரைக்கும் வெட்டித்தான் போட்டிருக்கேன். தாராளமா இருப்பாரு."

கூடம் உடைந்தது. மெக்கானிக்குகள் முன்னிருக்கைகளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மகள் அழுதுகொண்டே சிரித்தாள். அந்தச் சத்தத்துக்கு மேலாக, பதிவின் கடைசியில், மனைவியின் குரல் திடுக்கிட்டது.

"ஏங்க, இது இன்னும் ஓடுதுங்க."

"எது?"

அதோடு நின்றது.

மூத்தவர் மைக்குக்குப் போனார். அதுவும் அவர் உயரத்துக்கு இருந்தது. கட்டைப் பிரித்தார். முதல் பக்கத்தைப் பார்த்தார், அடுத்ததைப் பார்த்தார், புரட்டிக்கொண்டே போனார். பதினோராவது பக்கத்தை உருவி எடுத்துப் படித்தார். சின்ன வயதில் அப்பாவின் கிரீஸ் கையை யாரும் பார்க்காதபடி பள்ளிக்கூட வாசலில் மறைத்ததைப் பற்றி அதில் எழுதியிருந்தது. ஒன்றரை நிமிஷம். உட்கார்ந்துவிட்டார்.

வண்டி புறப்பட்டுப் போய், எல்லாம் முடிந்த பிறகு, மூத்தவர் மட்டும் திரும்பி வந்தார். முதலாளியம்மாவின் அறையில் சவுண்டும் பவுடரும் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்கள்.

"இந்த ஆள் வேணும்னே பண்ணியிருக்கான்," என்றார். "முழுசா கேக்காமயா அம்பது பேருக்கு முன்னால போடுவாங்க?"

முதலாளியம்மா சவுண்டைப் பார்த்தாள். "முழுசா கேட்டியா?"

"பத்து செகண்டு."

"பத்து செகண்டா?" என்றார் மூத்தவர்.

"இங்க எல்லாரும் அவ்வளவுதான் சார்," என்றார் பவுடர். "நீங்க எவ்ளோ கேட்டீங்க?"

மூத்தவர் வாயைத் திறந்தார். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற வாய். மேஜைமேல் இருந்த காலி மாத்திரை டப்பாவை எடுத்து மூடினார்.

"எனக்கு அதுல ஒரு காப்பி வேணும்," என்றார் கடைசியில்.

"எதுல கேப்பீங்க?" என்று கேட்டான் சவுண்டு.

"போன்லதான்."

"போன்ல கேக்காது சார். மொதல் பாதி மட்டும்தான் கேக்கும். கம்ப்யூட்டர்ல ஸ்பீக்கர் இருக்கா? தரைல வெச்சிருக்கீங்களா, மூலைல வெச்சிருக்கீங்களா? காது உயரத்துக்குக் கொண்டுவாங்க. ரெண்டுக்கும் நடுவுல உக்காருங்க, நீங்க, ரெண்டு ஸ்பீக்கர், மூணும் ஒரே தூரத்துல. பின்னால சிவப்பு சிவப்புல இருக்கான்னு பாருங்க. எஃபெக்ட் எது இருந்தாலும் எடுத்துடுங்க. ஃப்ரிட்ஜ் மாட்டியிருக்கற பிளக்ல மாட்டாதீங்க. செட்டிங்ல கடைசில ஒரு பெட்டி இருக்கும், லவுட்னஸ்னு ஆரம்பிக்கும், அதுல டிக் போடுங்க. அப்பத்தான் அந்தப் பக்கம் பேசறது வரும்."

பவுடர் அவனைத் திரும்பிப் பார்த்தார். ஒரு மாதத்துக்கான பேச்சு முடிந்துவிட்டது.

மூத்தவர் தன் பதினாலு பக்கத்தில் ஒன்றைத் திருப்பிப் பின்புறத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். சிவப்பு எதில் என்று இன்னொரு தடவை கேட்டார். பிறகு போய்விட்டார்.

முதலாளியம்மா பேனாவை மூடி வைத்தாள்.

"அந்த அம்மா போகும்போது என் கையப் புடிச்சுக்கிட்டுப் போனாங்க," என்றாள். "அதனால தப்பிச்ச. வெளி ஆளுங்களுக்குக் குடுக்கல."

"சரி மேடம்."

"ஸ்பீக்கர் அங்கயே இருக்கட்டும். எதையும் மாத்தாத. ஆனா பத்து செகண்டு இன்னியோட முடிஞ்சுது. இனிமே எது வந்தாலும் மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் நீ கேக்கற. ஒரு மூச்சு விடாம."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அதுதான் தண்டனையா, வேலையா என்று அவள் சொல்லவில்லை. மேஜை இழுப்பறையிலிருந்து அடுத்த பென் டிரைவை எடுத்துக் கொடுத்தாள்.

சவுண்டு கூடத்துக்குப் போனான். மறுபடி ஐம்பது நாற்காலிக்கும் துணி போர்த்தினான். முன்வரிசையில் நடு நாற்காலியின் துணியை மட்டும் எடுத்துவிட்டு உட்கார்ந்தான். ஜன்னலில் இன்னும் மூன்று மணி நேரத்துக்கு வெயில் இருந்தது. பவுடர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பத்து செகண்டு சொல்லிக்கொடுத்த அவருக்கும் அன்றைக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சி.

"எவ்ளோ நேரம்?"

"அம்பத்தேழு நிமிஷம்."

"யாரு?"

"காலேஜ் பிரின்சிபால். ரிட்டயர் ஆன அன்னிக்குப் பேசினது."

பவுடர் எழுந்து கால்சட்டையைத் தட்டிக்கொண்டார்.

"உள்ள மூணு பேரு காத்துக்கிட்டிருக்காங்க," என்றார். "அவங்க எதுவும் பேச மாட்டாங்க."

சவுண்டு பிளேயை அழுத்தினான். பத்து செகண்டு போனது. பிரின்சிபால் தொண்டையைச் செருமினார், மூன்றடி தூரத்தில் நிற்பது போலத் தெளிவாக.

"சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன்," என்று ஆரம்பித்தார்.